எல்லைப்பிரபு வோல்பிராண்ட் அஞ்ஞானம் காத்த சரித்திரம்

கடவுள் உலகத்தை ஆறு நாளில் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தார். அந்த ஓய்வு நேரத்தில், அவர் பார்க்காதபோது, எல்லைப்பிரபுக்கள் தாமாகவே தோன்றியிருக்க வேண்டும் என்பது என் தாழ்மையான ஆராய்ச்சி முடிவு. படைப்பு எங்கே முடிகிறது என்று காட்ட ஒரு ஆள் வேண்டுமே! அப்படிப்பட்ட ஆட்களில் தலைசிறந்தவர், சாக்சனி நாட்டின் கிழக்கு ஓரத்தில், எல்பே ஆற்றங்கரையில், ஹோல்ஸ்வார்த் கோட்டையில் வீற்றிருந்த எல்லைப்பிரபு வோல்பிராண்ட். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. மாற்றுக் கருத்து உள்ளவர்களை அவர் கிணற்றில் இறக்கிவிடுவார்.

என் பெயர் ஹுன்ஃப்ரிட். அந்தக் கோட்டையில் பத்தொன்பது வருடம் குருவாகவும் எழுத்தராகவும் இருந்தேன். கோட்டையில் எழுதப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆகவே நான் எழுதியதில் இதுவரை யாரும் பிழை கண்டுபிடித்ததில்லை.

பிரபுவின் மகத்துவம் புரியவேண்டுமானால் முதலில் இத்தாலி புரியவேண்டும். பேரரசர் சில வருடங்களுக்கு ஒருமுறை படையோடு இத்தாலிக்குப் போவார். பிரபுக்கள் எல்லாரும் கூடவே போகவேண்டும். அங்கே வெயில், சதுப்பு, கொசு, காய்ச்சல். செத்தவர்களைக் கொதிக்கும் நீரில் போட்டு, எலும்பை மட்டும் கழுவி எடுத்து, தோல் பையில் கட்டி ஊருக்கு அனுப்புவார்கள். அது ஒரு மரியாதை. என் பிரபுவின் அப்பா, இரண்டு அண்ணன்மார், மாமனார் என நான்கு பேர் அப்படித் திரும்பி வந்தார்கள். நான்கு பேரும் ஒரே அலமாரியில் அடங்கினார்கள்.

ஆனால் பேரரசரின் சாசனத்தில் ஒரு வரி இருந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிறிஸ்துவை அறியாத அஞ்ஞானிகள் உள்ளவரை, அவர்களை அடக்கும் பெரும்பணி கருதி, எல்லைப்பிரபு இத்தாலிக்கு வரவேண்டியதில்லை. பிரபுவுக்கு அந்த வரியை வருடத்துக்கு இரண்டு முறை நான் வாசித்துக் காட்டுவேன். கேட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதை முதன்முதலாகக் கேட்ட நாளிலிருந்து அஞ்ஞானிகள்மேல் அவர் வைத்திருந்த அக்கறை இருக்கிறதே, பெற்ற தாய்கூட அப்படி வைக்கமாட்டாள்.

அந்தப் பக்கத்து அஞ்ஞானிகள் வெண்டியர்கள். படகில் போனால் ஒரு மணி நேரத்தில் லிப்னிட்சா என்ற அவர்களுடைய கிராமம். தேன் எடுப்பார்கள், மீன் பிடிப்பார்கள், சணல் பயிரிடுவார்கள். வருடா வருடம் இலையுதிர்காலத்தில், மிக்கேல் என்ற தேவதூதரின் திருநாள் முடிந்ததும் பிரபு அங்கே 'படையெடுப்பு' நடத்துவார். நாலு குடிசையை எரிப்பார், தேனையும் மெழுகையும் எடுப்பார், இரண்டு மூன்று பேரைக் கயிற்றில் கட்டி ஓட்டிவந்து வெளிதேசத்து வியாபாரிக்கு விற்பார். 'கடுமையான போருக்குப் பிறகு வெற்றி' என்று நான் அரண்மனைக்கு அறிக்கை எழுதுவேன். எழுதுவது என்ன, பழைய அறிக்கையில் வருடத்தை மட்டும் மாற்றுவேன்.

இப்படி எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்தபோதுதான், ஒரு பாஸ்காத் திருநாளுக்கு அடுத்த வாரம், லிப்னிட்சாவின் ஊர்த்தலைவர் ரதோமில் கோட்டை வாசலில் வந்து நின்றார். கூட அவர் மகள் மில்கா. அவள் இரண்டு வருடம் எங்கள் கோட்டையில் பால் கறந்தவள். எங்கள் பேச்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"சாமி, எங்களுக்கு ஞானஸ்நானம் குடுங்க" என்றார் ரதோமில்.

"யாருக்கு?"

"ஊருக்கே. நாப்பத்தி மூணு பேரு."

"திடீர்னு என்ன பக்தி?"

மில்காதான் பதில் சொன்னாள். "போன வருஷம் எங்க அண்ணனக் கட்டி இழுத்துட்டுப் போனாங்க சாமி. எங்க வித்தாங்கன்னே தெரியல. கிறிஸ்தவங்களா இருந்தா விக்கக்கூடாதாமே? நீங்க கோயில்ல பிரசங்கம் பண்ணும்போது கேட்டேன். நான் வெளிய கன்னுக்குட்டிய கட்டிட்டு இருந்தேன்."

என் பிரசங்கத்தைக் கேட்ட ஆத்துமா ஒன்று உண்டு என்பது எனக்கே அன்றுதான் தெரியும். அவள் சொன்னது உண்மைதான். கிறிஸ்தவனை வெளிதேசத்து வியாபாரிக்கு விற்கக்கூடாது. வாங்கினால் அந்த வியாபாரியின் சரக்கு முழுவதையும் அடுத்த ஊர்ச் சுங்கச்சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள்.

"இந்த வருஷம் என் பொண்ணத்தான் புடிப்பாங்க சாமி" என்றார் ரதோமில். "வயசுப் பொண்ணுக்கு நல்ல வெலையாம். தளபதியே சொல்லிட்டுப் போனாரு, போகும்போது."

விஷயத்தைப் பிரபுவிடம் சொன்னேன். உடனே உயர்மட்ட ஆலோசனைக் கூட்டம் கூடியது. பன்றிக்கறியும் பியரும் வைக்கப்பட்டன. கலந்துகொண்டவர்கள்: பிரபு, தளபதி உடோ, நான்.

"எல்லாரும் கிறிஸ்தவங்களா ஆயிட்டா என்ன ஆகும்?" என்றார் பிரபு.

"நல்லதுதானே பிரபு?" என்றார் உடோ. அவர் சிறந்த போர்வீரர். அதாவது, எதுவும் கொஞ்சம் தாமதமாகத்தான் புரியும்.

"முட்டாப்பயலே! கிறிஸ்தவன் ஊர எப்படிடா எரிப்ப?"

"தைமாசம் உங்க பங்காளி ஊர எரிச்சோமே பிரபு. அவங்களும் கிறிஸ்தவங்கதானே?"

"அது குடும்பச் சண்டைடா! இது எல்லைக் காவல்! ரெண்டும் ஒண்ணா?" பிரபு எலும்பை மேசைமேல் எறிந்தார். "அஞ்ஞானி இல்லன்னா எல்லை இல்ல. எல்லை இல்லன்னா நான் எங்க போவேன் தெரியுமா? இத்தாலிக்குப் போவேன்! நீயும் கூட வருவ!"

உடோவுக்கு அப்போது புரிந்துவிட்டது. பியரைக் கீழே வைத்துவிட்டார்.

கோரிக்கையை நிராகரிக்க முடியாது, அது பாவம். நிறைவேற்றவும் முடியாது, அது இத்தாலி. எனவே அது 'பரிசீலனையில்' வைக்கப்பட்டது. முதற்கட்டமாக, ஊரிலுள்ள விக்கிரகத்தை எரித்துவிட்டு, ஞானஸ்நானத்துக்கு அணியும் வெள்ளைச் சட்டை ஆளுக்கொன்று கொண்டுவரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஊரில் நல்ல வெள்ளைத் துணி கிடையாது. குறைந்தது மூன்று வருடம் ஓடிவிடும் என்று கணக்குப் போட்டோம்.

ஐந்தாவது வாரம் நாற்பத்து மூன்று சட்டையோடு வந்து நின்றார்கள். ஊர்ப் பெண்கள் இராப்பகலாக நெய்து, ஆற்று மணலில் போட்டு வெளுத்திருந்தார்கள். விக்கிரகத்தையும் எரித்து, சாம்பலை ஒரு சட்டியில் போட்டுச் சாட்சிக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கைக்குழந்தைக்கும் ஒரு சட்டை இருந்தது, என் உள்ளங்கை அகலத்தில்.

"செபம் தெரியணுமே" என்றேன்.

மில்கா திரும்பிக் கையைக் காட்டினாள். நாற்பத்து மூன்று பேரும் கோட்டை வாசலில் மண்டியிட்டு, ஏசு கற்றுத்தந்த பரமண்டல செபத்தைத் தங்கள் பாஷையில் முதலிலிருந்து கடைசிவரை ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் பாஷை எனக்கும் தெரியும்; ஒரு வார்த்தை பிசகவில்லை.

"நம்மளவிட நல்லா சொல்றாங்களே!" என்றார் உடோ.

"ஒன்ன யாருடா கேட்டா?" என்றார் பிரபு.

அடுத்தது ஞானத்தகப்பன். ஞானஸ்நானம் பெறுபவனுக்கு ஒரு கிறிஸ்தவன் ஞானத்தகப்பனாக நிற்கவேண்டும். நின்றால் இருவரும் உறவாகிவிடுவார்கள். உறவுக்காரனைக் கயிற்றில் கட்டி விற்பது அழகல்லவே! ஆகவே கோட்டையில் யாரும் ஞானத்தகப்பனாக நிற்கக்கூடாது என்று பிரபு ஆணையிட்டார். 'புனித உறவுகள் மலிந்துவிடாமல் பாதுகாக்கும் பொருட்டு' என்று காரணம் எழுதினேன். அந்த வரியில் எனக்கு இன்றும் கொஞ்சம் கர்வம் உண்டு.

"ஆட்டுக்கும் மாட்டுக்கும் பேரு வெக்க ஆளு இருக்கு, எங்களுக்கு நிக்க ஒரு ஆளு இல்லையா சாமி?" என்று கேட்டாள் மில்கா. "சரி, தேடிப் பாத்து வெய்யுங்க. நாங்க எங்கயும் போகல, இங்கதான் இருக்கோம்."

இருந்தார்கள். வாரா வாரம் வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்தபடி கோயிலுக்கு வெளியே நின்று பூசை கண்டார்கள். உள்ளே உடோ தூங்கிக்கொண்டிருந்தார்.

ஆடி மாதம் இடி விழுந்தது. பேரரசரிடமிருந்து கடிதம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் உண்மையிலேயே அஞ்ஞானிகள் மிச்சம் இருக்கிறார்களா என்று நேரில் பார்க்க, குருக்களுக்கெல்லாம் தலைவரான மேற்றிராணியார் ரெகின்பால்ட் வருகிறார். இல்லையென்றால் எல்லைப்பிரபு நாற்பது கவச வீரர்களோடு இலையுதிர்காலத்தில் இத்தாலிக்குப் புறப்பட வேண்டும்.

கடிதத்தை வாசித்து முடித்தபோது பிரபு அலமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விக்கிரகம் இருக்கில்ல, அந்த ஊர்ல?"

"எரித்துவிட்டார்கள் பிரபு."

"எவன் எரிக்கச் சொன்னது?"

"நாம்தான்."

பிரபு எழுந்தார், நடந்தார், உட்கார்ந்தார். பிறகுதான் அந்த வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவை எடுத்தார். "அப்ப நாமளே ஒண்ணு செஞ்சு குடுப்போம்."

கிறிஸ்தவ உலகத்தில் ஒரு பிரபு தன் சொந்தச் செலவில் அஞ்ஞானிகளுக்கு விக்கிரகம் செய்து கொடுத்தது அதுவே முதல் முறை என்று நினைக்கிறேன். நல்ல ஓக் மரம் வெட்டப்பட்டது. வேலை கோட்டைத் தச்சனிடம் கொடுக்கப்பட்டது. வெண்டியர் சாமிக்கு நாலு முகம் இருக்கும் என்று பிரபு எங்கோ கேள்விப்பட்டிருந்தார். தச்சனுக்கோ ஒரே ஒரு முகம்தான் செதுக்கத் தெரியும். வாழ்நாள் முழுக்க, சொர்க்கத்தின் சாவியை வைத்திருக்கும் இராயப்பரையே செதுக்கியவன். ஆகவே நாலு இராயப்பர்கள் முதுகோடு முதுகு ஒட்டி நின்றார்கள், நாலு சாவியோடு.

"சாவிய வெட்டுடா" என்றார் பிரபு.

"எதுக்குங்க பிரபு? அதுதானே அழகு."

"அஞ்ஞானிக்கு எதுக்குடா சொர்க்கத்துச் சாவி? வெட்டு!"

வெட்டினான். அழுதுகொண்டே வெட்டினான். மிச்ச மரத்தில் கொம்பு செய்து ஒட்டினான். ஆறு காளை இழுத்து, பெரிய படகில் ஏற்றி, லிப்னிட்சாவில் கொண்டுபோய் நட்டோம். உடோ ஒரு சேவலை அறுத்து, ரத்தத்தை நாலு முகத்திலும் பக்தியோடு பூசினார். அவர் அத்தனை பயபக்தியோடு எதையும் செய்து நான் பார்த்ததில்லை.

ரதோமில் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். "இது யாருங்க எசமான்?"

"ஒங்க சாமி" என்றார் பிரபு.

"எங்க சாமி இல்லீங்களே. எங்க சாமிக்கு ஒரு மொகந்தான். அதையும் எரிச்சிட்டோம். இப்ப எங்களுக்கு ஒங்க சாமிதான்."

"மூணே மூணு நாளைக்கு வெச்சிருங்கய்யா! பெரியவரு ஒருத்தரு வர்றாரு. அவரு முன்னால கொஞ்சம் கும்புட்டுக் காட்டுங்க. அவரு போனதும் ஊருக்கே ஞானஸ்நானம். நானே வர்றேன், ஞானத்தகப்பனா நானே நிக்கிறேன்."

ரதோமிலின் முகம் மலர்ந்துவிட்டது. மில்கா மட்டும் நகரவில்லை. "சத்தியம் பண்ணுங்க எசமான்."

பிரபு பக்கத்திலிருந்த விக்கிரகத்தின் தலையில் கையை வைத்தார். "சத்தியம். மாதா திருநாளுக்கு அடுத்த ஞாயிறு, காலைல, ஆத்துல."

"அதுமேல வேணாம். சிலுவை மேல பண்ணுங்க. சாமி கழுத்துல ஒண்ணு போட்டிருப்பாரே?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் சிலுவை அன்று அங்கிக்கு உள்ளே இருந்தது. நான்தான் உள்ளே தள்ளியிருந்தேன். குளிர் என்று சொல்லி அங்கியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். ஆவணி மாத வெயிலில் என் நெற்றியிலிருந்து வேர்வை சொட்டிக்கொண்டிருந்தது.

"சாமி கோட்டையில வெச்சுட்டு வந்துட்டாரு போல" என்றார் பிரபு. "எதுமேல வெச்சா என்ன, சத்தியம் சத்தியந்தானே?"

மேற்றிராணியார் ரெகின்பால்ட் வந்தார். சிவந்த முகம், நல்ல ஜீரண சக்தி, லத்தீனும் சாக்சன் பேச்சும் தவிர வேறு பாஷை தெரியாது. லிப்னிட்சா மக்கள் விக்கிரகத்தைச் சுற்றி மண்டியிட்டார்கள். என்ன சொல்லிக் கும்பிடுவது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. ஆகவே தெரிந்த அந்தப் பரமண்டல செபத்தையே சொன்னார்கள்.

"என்ன முணுமுணுக்கறாங்க?" என்று என்னிடம் கேட்டார் மேற்றிராணியார்.

'எங்கள் அன்றாட அப்பத்தை எங்களுக்குத் தாரும்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம களஞ்சியத்தைக் கொள்ளையடிக்கப் போறாங்களாம் ஆண்டவரே."

"அடப்பாவிங்களா! இப்ப?"

'எங்கள் கடன்களை மன்னியும்.'

"இனிமே திறை கட்ட முடியாதாம்."

"திமிரப் பாருங்களேன்! கடைசியா அந்தப் பொண்ணு என்னமோ சத்தமா சொல்றாளே?"

மில்கா என்னையே பார்த்துக்கொண்டு, 'தீமையிலிருந்து எங்களை இரட்சியும்' என்றாள்.

"நம்மளப் பத்தித்தான் ஆண்டவரே" என்றேன். அன்று நான் செய்த மொழிபெயர்ப்பில் அது ஒன்றுதான் சரியானது.

மேற்றிராணியார் பரம திருப்தியோடு 'பிடிவாதமான அஞ்ஞானிகள்' என்று சான்றிதழில் முத்திரை வைத்துக் கொடுத்தார். போகும்போது என்னைத் தனியே அழைத்தார். "ஆத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு மேற்றிராசனம் வரப்போகுது. அதுக்கு மேற்றிராணியாரா, அவங்க பாஷை தெரிஞ்ச ஆளா தேடிக்கிட்டிருக்கோம்" என்று சொல்லி என் தோளைத் தட்டினார். அந்தத் தோள் இன்னும் இனிக்கிறது என்று எழுதலாமா? எழுதுகிறேன்.

மாதா திருநாளுக்கு அடுத்த ஞாயிறு வந்தது. பிரபு கொடுத்த வாக்கை எள்ளளவும் மீறவில்லை. காலையில், ஆற்றுக்கு, நேரில் வந்தார். கூட நாற்பது வீரர்களும், கயிறும், வியாபாரியும் வந்தார்கள்.

லிப்னிட்சா மக்கள் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். குழந்தைகளைத் தோளில் வைத்திருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் ரதோமில் கையைத் தூக்கி, "வாங்க எசமான், வாங்க! தண்ணி சுகமா இருக்கு!" என்றார்.

பதினெட்டு வருடப் படையெடுப்பில் ஒருவர்கூடத் தப்பி ஓடாத படையெடுப்பு அதுதான்.

கயிறு கட்டத் தொடங்கியதும்தான் அவர்களுக்குப் புரிந்தது. "சத்தியம் பண்ணீங்களே!" என்று ரதோமில் கத்தினார். விக்கிரகத்தின்மேல் செய்த சத்தியம் ஒரு கிறிஸ்தவரைக் கட்டுப்படுத்தாது என்று நான் விளக்கினேன். சட்டப்படி அது சரியான விளக்கம். சொல்லும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

அப்போதுதான் மில்கா அதைச் செய்தாள். கட்டின கைகளைச் சேர்த்து ஆற்று நீரை அள்ளி, அப்பனின் தலையில் ஊற்றினாள். "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று எங்கள் பாஷையில் உரக்கச் சொன்னாள். அப்பன் திரும்பி அவள் தலையில் ஊற்றினார். அவள் அடுத்தவளுக்கு ஊற்றினாள். அவள் தன் குழந்தைக்கு. வரிசை முழுக்க ஒருவர் தலையில் ஒருவர் ஊற்றிக்கொண்டே போனார்கள். அழுதுகொண்டும், அவசரத்தில் தடுமாறிக்கொண்டும் ஊற்றினார்கள். வீரர்கள் கயிற்றைப் பிடித்தபடி வாயைப் பிளந்து நின்றார்கள். உடோ குல்லாவைக் கழற்றிவிட்டார்.

வியாபாரி கரைக்கு ஏறிவிட்டார். "இதென்னய்யா கூத்து? இவங்க கிறிஸ்தவங்களா? கிறிஸ்தவங்கன்னா எனக்கு வேணாம். சாவடியில என் சரக்கு மொத்தமும் போயிடும்."

பிரபுவின் முகம் வெளுத்தது. முத்திரை வைத்த சான்றிதழில் இவர்கள் அஞ்ஞானிகள். தண்ணீரில் நிற்பவர்கள் கிறிஸ்தவர்கள் என்றால் சான்றிதழ் பொய். சான்றிதழ் பொய் என்றால் இத்தாலி. அவர் என் பக்கம் திரும்பினார்.

"சாமி, இது செல்லுமா?"

நாற்பத்து மூன்று பேரும், நாற்பது வீரர்களும், ஒரு வியாபாரியும் என் வாயைப் பார்த்தார்கள்.

செல்லும். இதில் எந்தச் சந்தேகமும் இல்லை. ஆபத்து வேளையில் யாரும் யாருக்கும் ஊற்றலாம். குரு வேண்டாம், ஞானத்தகப்பன் வேண்டாம், வெள்ளைச் சட்டைகூட வேண்டாம். ஊற்றுகிறவன் அஞ்ஞானியாக இருந்தாலும், நீரும் வார்த்தையும் சரியாக இருந்தால் செல்லும். இது குருமடத்தில் முதல் வருடப் பாடம். கோட்டையில் மருத்துவச்சி சமையல்காரியின் சாகக்கிடந்த குழந்தைக்கு ஊற்றியதை மில்கா பார்த்திருக்கிறாள். நான்தான் அன்றைக்கு அது செல்லும் என்று சொல்லி அந்தக் குழந்தையை அடக்கம் செய்தேன்.

"சொல்லுங்க சாமி" என்றார் ரதோமில். தலையிலிருந்து நீர் வடிந்து தாடியில் சொட்டியது. என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். அவருக்கு என்மேல் அத்தனை நம்பிக்கை.

நான் பிரபுவைப் பார்த்தேன். ஆற்றின் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். புது மேற்றிராசனம் அங்கேதான் வரவிருந்தது.

"செல்லாது" என்றேன்.

வியாபாரி திரும்பக் கீழே இறங்கினார். கயிற்றை இறுக்கினார்கள். பிரபுவின் புகழ் பாடும் இந்தச் சரித்திரத்தில் என் வெட்கத்துக்கு இடமில்லைதான். ஆனாலும் சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருந்தது. மில்கா என்னைத் தாண்டிப் போகும்போது திட்டவில்லை, துப்பவில்லை. நின்று கேட்டாள், அவ்வளவுதான்.

"அப்ப ஒங்களுக்கு யாரு ஊத்தினாங்க சாமி?"

எல்லைப்பிரபு வோல்பிராண்ட் அதற்குப் பிறகு பதினொரு வருடம் வாழ்ந்தார். முத்திரை வைத்த சான்றிதழை மறுபடி சரிபார்க்க யாரும் வரவில்லை, ஆகவே ஒருநாள்கூட இத்தாலிக்குப் போகவில்லை. தன் கட்டிலில், தன் எலும்பும் தசையும் ஒன்றாக இருக்க, நிம்மதியாகக் கண்ணை மூடினார். அவர் கல்லறைமேல் பொறிக்க இரண்டு வரி எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார்கள். மேற்றிராணியார் என்ற முறையில் நானே எழுதினேன். எவ்வளவோ பெரிய வார்த்தைகளைத் தேடிப் பார்த்தும், கடைசியில் உண்மையைத் தவிர வேறெதுவும் பொருந்தவில்லை:

'கடைசி மூச்சுவரை இவர் எல்லையைக் காத்தார். எல்லைக்கு அந்தப் பக்கம் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். இந்தப் பக்கம் நாங்கள் இருந்தோம்.'